ஆற்றங்கரையில் காவல் போட்ட வருஷம்

கொள்ளை நடந்த செய்தியைக் கொண்டுவந்தவர் பால் வேன் டிரைவர். எப்போதும் ஹாரன் அடித்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவர், அன்று காலை இறங்கி வாசல் வரைக்கும் வந்தார்.

"மேக்கால கடைசித் தோட்டத்துல பெரியவங்க ரண்டு பேரையும் கட்டிப்போட்டு அடிச்சுப்போட்டாங்களாமுங்க. நாய் ரண்டும் செத்துக் கெடக்குது. பாத்துப்போட்டுத்தான் வாரேன்."

என் மாமியார் இழுத்துப் பிடித்திருந்த கன்றின் கயிற்றை அப்படியே விட்டுவிட்டார். கன்று ஓடிப்போய் மடியில் மீதமிருந்த பாலையெல்லாம் குடித்தது. யாரும் தடுக்கவில்லை.

அந்தத் தோட்டம் பவானி ஆற்றோரமாக எங்களிடமிருந்து இரண்டு மைல். மதியமே பார்க்கப் போனோம். பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோட்டைப் பிடுங்கியதில் காது மடல் கிழிந்து, பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் சுற்றி நின்று, எத்தனை பேர், எந்தப் பக்கமாக வந்தார்கள் என்று விசாரித்தார்கள்.

"மூஞ்சியத் துணியில கட்டியிருந்தாங்க சாமி. ஒருத்தன் என்னைய அம்மா அம்மான்னு கூப்புட்டுக்கிட்டேதான் காத இழுத்தான்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது என் கணவர் மொபெட்டை மெதுவாக ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து வாழைத் தோப்புகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேற்றுவரை வெறும் வாழைதான் அது.

நான் கோயம்புத்தூர் கணபதியில் பிறந்தவள். அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு லேத் பட்டறை. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். அவர்கள் வீட்டில் தாளிப்பது எங்களுக்குத் தும்மல் வரவைக்கும். கல்யாணமாகி இந்த ஆற்றங்கரைக்கு வந்தபோது, ஒவ்வொரு குடும்பமும் அவரவர் தோட்டத்துக்குள் சாளை என்கிற தனி வீட்டில் குடியிருப்பதைப் பார்த்து மலைத்துப்போனேன். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடும் இல்லை. ஊர் என்றால் ஒரு மாரியம்மன் கோயில், பால் சொசைட்டி, இரண்டு மளிகைக் கடை. அதற்கும் கீழே ஆற்றுமேட்டில் காலனி. காலனியை ஒட்டிப் பரிசல்துறை. ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர்க்காரர்களின் வாழைத் தோட்டங்கள் கொஞ்சமும், ஸ்பின்னிங் மில்லுக்குப் போகும் பஸ் ரோடும் இருந்தன. அதற்கப்பால் காடு, காட்டுக்கு அப்பால் மலை, மலைக்கு அப்பால் கர்நாடகம். தொண்ணூறுகளின் அந்த வருஷங்களில் காட்டுக்குள் போலீஸ் தேடுதல் நடந்துகொண்டே இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் நடந்தாலும் சந்தேகம், ஜீப் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அடுத்த வாரம் சப்-இன்ஸ்பெக்டர் வந்து பால் சொசைட்டியில் கூட்டம் போட்டார். "எங்ககிட்ட இருக்கறது ஒரு ஜீப்புங்க. டீசல் இருந்தா டிரைவர் இருக்கறதில்ல. நீங்களே காவல் போட்டுக்குங்க. நாங்க பின்னால நிப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போய்விட்டார். யாரைத் தலைவராகப் போடுவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என் கணவரைக் கை காட்டினார்கள். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எந்தக் கட்சியிலும் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. அதையெல்லாம்விட முக்கியமாக, அவருக்கு முடியாது என்று சொல்ல வராது. அவருடைய தாய்மாமன், ஊரில் பெரிய தோட்டக்காரர், "நீ தலைவரா இருடா. வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்று தோளில் தட்டினார்.

ஊரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மேல் வாய்க்கால் முதல் பிரிவு, கீழ் வாய்க்கால் இரண்டு, கோயிலைச் சுற்றிய தெருக்கள் மூன்று, பரிசல்துறை நான்கு. எல்லை போடுவதற்கு ஒரே வாரம் போதும் என்று என் கணவர் நினைத்தார். ஒரு மாதமே ஓடிப்போயிற்று. கீழ் வாய்க்காலில் அண்ணன் தம்பி இருவர், ஒரே கிணற்றில் பங்கு வைத்து அடித்துக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் பக்கத்துப் பக்கத்துச் சாளையில் இருந்தார்கள். அண்ணன் இருக்கும் பிரிவில் தம்பி இருக்க மாட்டாராம். தம்பியை மேல் வாய்க்காலில் சேர்த்தால், "அப்ப என்ற வேலிய எவன் பாப்பான்?" என்று அண்ணன் கேட்டார். கடைசியில் இருவரையும் இரண்டாம் பிரிவிலேயே வைத்து, ஒருவர் காவலுக்கு வரும் நாளில் மற்றவர் வரக் கூடாது என்று ஏற்பாடாயிற்று.

கோயம்புத்தூர் விளையாட்டுச் சாமான் கடையில் விசில் வாங்கி வந்தோம். சோமனூரில் தறி வைத்திருந்த உறவினர் ஒருவர் காடாத் துணி கொடுத்தார். அதை நான்கு சாயத்தில் முக்கிக் கைப்பட்டை தைத்தது நான்தான். சாயம் காய்வதற்குள்ளேயே மூன்றாம் பிரிவுக்காரர்கள் வந்து, தங்களுக்குப் பச்சை வேண்டாம், சிவப்புதான் வேண்டும் என்று நின்றார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் அத்தனை பேரையும் லெப்ட் ரைட் போட வைத்தார். தொந்தியும் மூங்கில் தடியுமாக என் கணவரின் தாய்மாமன் முன் வரிசையில் நடந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க நான் மகளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்த ஒரு துடிப்பை அன்றே கவனித்தேன். வெகுநாளாக எதற்கோ காத்திருந்தவர்கள் போல இருந்தார்கள்.

நான்காம் பிரிவில்தான் சிக்கல் வந்தது. பரிசல்துறையில் ராத்திரி நிற்கக் காலனிக்காரர்களை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவர்கள் கையில் விசிலும் தடியும் கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. பரிசல்காரர் கூட்டத்துக்கே வந்துவிட்டார். ஒல்லியான, வாய் ஓயாத மனிதர். வெற்றிலைச் சாறு வழிய வழியப் பேசுவார்.

"ஏனுங்க பண்ணாடி, அக்கட்ட இருந்து எவன் வந்தாலும் என்ற பரிசல்லதான் வரோணும். கள்ளனப் பாத்தா நான் எதைய ஊதறதுங்க, வெத்தலையவா?"

சிலர் சிரித்தார்கள். என் கணவரின் தாய்மாமன் சிரிக்கவில்லை. "உனக்குக் கொரலு இருக்குதல்லடா. கத்து" என்றார். மறுநாள் காலை என் கணவர் தானே துறைக்குப் போய் ஆறு விசிலைக் கொடுத்துவிட்டு வந்தார். தடி கொடுக்கவில்லை. அதைத்தான் அவரால் அப்போது செய்ய முடிந்தது.

காவல் தொடங்கியதும் வீட்டில் இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. ராத்திரி சாப்பிட்டதும் அவர் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மோட்டார் ஓட்ட த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வராவிட்டால் ஒவ்வொரு பிரிவாகச் சுற்ற வேண்டும். நானும் மாமியாரும் இரண்டு வயது மகளும் தாழ்ப்பாளுக்கு மேல் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே கிடப்போம். தூரத்தில் விசில் கேட்கும். அது 'எல்லாம் சரி' என்ற விசிலா, 'ஓடி வா' என்ற விசிலா என்று தெரியாது. எந்த விசில் கேட்டாலும் எழுந்துபோய் உலக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். மாமியார், "இதுக்குக் கள்ளனே வந்துட்டுப் போயிருக்கலாம் கண்ணு" என்பார்.

ஒரு நாள் காலையில் அவர் சிவந்த கண்ணோடு சோற்றில் கை வைத்தபோது கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஊருல அத்தன ஊட்டையும் காவல் காக்கறீங்க. இந்த ஊட்டுக்கு ஆரு காவலுங்க?"

"இரண்டாம் பிரிவுதான்."

"இரண்டாம் பிரிவுக்காரங்க பொண்டாட்டி புள்ளைங்களும் எங்களாட்டத்தான உள்ள கெடக்கறாங்க? ஆம்பளைங்க எல்லாம் ரோட்டுல. ஊட்டுல ஒருத்தரும் இல்லைன்னு விசில் அடிச்சுச் சொல்லிக் குடுக்கறாப்புல இருக்குது."

சாப்பிட்டுப் படுத்தவர், பால் கறக்கும் நேரம் வரை எழவில்லை. ஊரில் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தார்கள். பகலில் எந்தச் சாளைக்குப் போனாலும் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மஞ்சள் காட்டில் களை மண்டியது.

வாய்க்காலில் துணி துவைக்கிற இடத்தில்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். கீழ் வாய்க்காலில் எட்டுச் சாளை. எட்டு வீட்டுப் பெண்களுக்கும் ஒரே நோய், தூக்கம் இல்லை. அந்த அண்ணன் தம்பியின் மனைவிமார் இருவரும் அங்கே வருவார்கள். ஒருவர் மேல் கல்லில், ஒருவர் கீழ்க் கல்லில். புருஷன்மார் பேசாததால் அவர்களும் பேசுவதில்லை. வாழைக்காய் வெட்டு வேலைக்கு வரும் பரிசல்காரரின் மனைவி, "கத்துனா கேக்காதுங்க அம்மணி, காத்து எதிர்க்க அடிச்சா நாலு வரப்பு தாண்டாது. இரும்பத் தட்டுனாக் கேக்கும்" என்றார்.

எனக்கு அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது. கடிதம் போட்டேன். அப்பா போத்தனூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டு வாங்கி, முழ நீளத்துக்கு அறுத்து, ஒவ்வொன்றிலும் துளை போட்டு, சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து இறங்கினார். கண்டக்டரோடு சண்டை போட்ட கோபம் முகத்தில் இன்னும் இருந்தது. "என்ன சாமி இது, பொண்ணக் காட்டுலயா குடுத்துப்போட்டேன்?" என்றார். எட்டுச் சாளைக்கு எட்டு, பரிசல்துறைப் புளிய மரத்துக்கு ஒன்று. ஒரு அடி அடித்தால் 'நான் இருக்கிறேன்.' விடாமல் அடித்தால் 'வா.' விளக்கு வைத்ததும் முதல் சாளைக்காரம்மா ஒரு அடி அடிப்பார். அடுத்தது, அதற்கடுத்தது என்று சத்தம் வாய்க்காலோடு இறங்கிப் போய், கடைசியில் துறையிலிருந்து ஒரு அடி கேட்கும். அந்தக் கடைசி அடி வந்த பிறகுதான் என்னால் சோறு பிசைய முடிந்தது. ஆண்கள் இதற்குப் பொம்பளைப் படை என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

தையில் ஒரு பெரிய முகூர்த்த நாள். ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மீதி ஆண்கள் காவல் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். நான் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கிழக்கே இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பகலில் எதற்கு என்று நினைப்பதற்குள் அது நிற்காமல் அடித்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

நின்றதுதான் என்னை ஓட வைத்தது. மகளை மாமியார் கையில் திணித்துவிட்டு வரப்பில் ஓடினேன். ஓடும்போதே மற்ற சாளை இரும்புகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. என் முன்னால் ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்த அண்ணனின் மனைவி. சத்தம் வந்தது தம்பியின் சாளையிலிருந்து.

வாசலில் நகைக்குப் பாலிஷ் போடுகிற சாமான்கள் சிதறிக் கிடந்தன. தம்பியின் மனைவி இரும்புத் துண்டின் அடியில் உட்கார்ந்து இடது கையை நெஞ்சோடு பிடித்திருந்தார். மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. நகைக்கு மெருகு போடுகிறோம் என்று வேனில் வந்தவர்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே போனவர் பின்னால் ஒருத்தன் வருவதைப் பார்த்து வெளியே பாய்ந்து இரும்பை அடித்திருக்கிறார். ஒருத்தன் கையை முறுக்கியிருக்கிறான். அதற்குள் பக்கத்துச் சாளை இரும்பு பதிலுக்கு அடிக்க, அதற்கடுத்தது அடிக்க, வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டான். மற்ற இருவரும் வாழைக்குள் இறங்கி ஆற்றுப் பக்கம் ஓடியிருந்தார்கள்.

"நீ இவளப் பாத்துக்க அம்மணி" என்று மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணனின் மனைவி அங்கேயே உட்கார்ந்து, பேசி எத்தனையோ வருஷமான அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அவரே, பார்த்துக்கொண்டதும் அவரே. மண்வெட்டியோடு நான் ஆற்றுக்கு ஓடினேன்.

பரிசல் நடு ஆற்றில் நின்றது. புளிய மரத்து இரும்பைக் கேட்டதும் பரிசல்காரர் அக்கரையிலிருந்து ஏற்றி வந்தவர்களோடு அங்கேயே துடுப்பைப் போட்டுச் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டார். அணையில் தண்ணீர் திறந்திருந்த நேரம். ஓடிவந்த கள்ளர்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அதற்கு மேல் போகத் தெரியாமல், பரிசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் பரிசல்காரரின் மனைவியும் வாழைக்காய் வெட்ட வந்த பெண்களும் அரிவாளோடு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அந்த இருவரும் தாங்களே கரையேறி வந்து மணலில் உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். காலில் முள் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் காவல் பிரிவுகள் வந்தன. தூக்கம் கலையாத கண்ணோடு, கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு வந்தார்கள். வந்த வேகத்தில் இரண்டு பேர் தடியால் அடிக்க ஆரம்பித்தார்கள். பரிசல்காரரின் மனைவி குறுக்கே போய், "புடிச்சுக் குடுத்தாச்சல்லங்க, அப்பறம் எதுக்குங்க?" என்றார். "நீ நவுரு" என்று ஒருவர் தள்ளினார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். தலைவரின் மனைவி என்பதால் தடி கொஞ்சம் தயங்கியது. அதற்குள் வேறு சண்டை தொடங்கிவிட்டது. திருட்டு நடந்தது இரண்டாம் பிரிவு எல்லையில். பிடிபட்டது நான்காம் பிரிவு எல்லையில். போலீஸிடம் ஒப்படைப்பது யார்? அதை அவர்கள் ஆற்று மணலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். சின்னவன் தண்ணீர் கேட்டான். பரிசல்காரரின் மனைவி தன் தூக்குப்போசியை நீட்டினார். ஜீப் வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

அவர்கள்தான் மேற்கே கொள்ளையடித்தவர்களா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. காது கிழிந்த அந்த அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். "என்னைய அம்மான்னு கூப்புடச் சொல்லுங்க" என்றாராம். அவர்கள் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தெரீலீங்க" என்று சொல்லிவிட்டாராம்.

சப்-இன்ஸ்பெக்டர் பால் சொசைட்டியில் பாராட்டு விழா வைத்தார். பிரிவுத் தலைவர்களுக்குச் சால்வை. நான்காம் பிரிவுக்கும் காலனிக்காரர் யாரும் தலைவர் இல்லை. கோயில் தெருக்காரர் ஒருவர்தான் பேருக்கு இருந்தார், அவர் போர்த்திக்கொண்டார். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு தம்பியின் மனைவி பின்னால் நின்று பார்த்தார்.

பயம் குறையும் என்று நினைத்தேன். காவல்காரர்களுக்குக் குறைந்தது, உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக வேறொன்று ஏறிவிட்டது. முன்பு வேண்டா வெறுப்பாகப் போனவர்கள் இப்போது சாப்பிடாமல் கிளம்பினார்கள். இரண்டாம் பிரிவு, அதாவது தாய்மாமனின் பிரிவு, இருட்டியதும் துறையிலிருந்து காலனிக்கும் ஊருக்கும் ஏறும் ரோட்டில் குறுக்கே மூங்கிலைக் கட்டியது. வருகிறவர்களை நிறுத்தி எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். தோட்டக்காரர்கள் மொபெட்டில் வந்தால் மூங்கில் தானாக மேலே போகும். காலனிக்காரர்கள் வந்தால் டார்ச் முகத்தில் அடிக்கும். என் கணவரிடம் சொன்னேன். "மாமன்கிட்டப் பேசறேன்" என்றார். பேசினார் என்றுதான் நினைக்கிறேன். மூங்கில் அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் காலை துறையில் பரிசல் இல்லை. அக்கரைக்குப் போக வந்தவர்கள் கரையில் கூட்டமாக நின்றார்கள். வெட்டிய வாழைத் தார்கள் அக்கரையில் கிடந்தன. பாலம் வழியாகச் சுற்றினால் அரை நாள். விசாரித்தபோது தெரிந்தது. பரிசல்காரரின் மருமகன் ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து ஆறு தாண்டி நடந்தவரை மூங்கிலில் நிறுத்தி, நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து அவரைத் தெரிந்தவர்கள். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அடி. தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கிளம்பினேன். பரிசலைத் தன் வீட்டு முன்னால் கவிழ்த்துப் போட்டு, அதன் நிழலில் பரிசல்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் வாயில் அன்று வெற்றிலை இல்லை. எங்களைப் பார்த்து எழவும் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா?" என்றார் என் கணவர்.

"போயாச்சுங்க."

"நான் என்ன செய்யோணும்?"

"நீங்கதான தலைவரு. என்னையக் கேட்டா? என்ற பரிசல ஓட்டோணும்னு சொல்ல வந்தீங்கன்னா, ஓட்டறதில்லீங்க. ஆத்துக்கு அக்கட்ட எங்களுக்குத் தோட்டம் ஒண்ணும் இல்ல. உங்க வாழதான் பழுக்குது."

அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து என் கணவர் நேராகத் தாய்மாமன் வீட்டுக்கு நடந்தார். அவர் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தாய்மாமன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"விசிலக் குடுங்க மாமா. உங்க பிரிவு விசில் எல்லாம் வேணும். கைப்பட்டையும்."

"எதுக்குடா?"

"காவல் இன்னியோட முடிஞ்சுது."

தாய்மாமன் சோற்றில் வைத்த கையை எடுத்தார். "அதையச் சொல்ல நீ யாரு?"

"நீங்கதான மாமா என்னையத் தலைவரா போட்டீங்க."

"ஒரு காலனிக்காரனுக்காக வந்து என்ற ஊட்டுல நிக்கறயா? கள்ளன் வந்து உன்ற பொண்டாட்டி கழுத்துல கத்தி வெக்கறப்ப வருவயல்ல?"

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. "வந்தா இரும்பு இருக்குதுங்க மாமா" என்றார். கையை நீட்டியபடியே நின்றார். அத்தை உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மற்ற பிரிவுகளில் அவ்வளவு சண்டை இல்லை. பலருக்கு உள்ளுக்குள் தூங்க வேண்டும் போலத்தான் இருந்தது. ரோட்டு மூங்கிலை என் கணவரே அறுத்துப் போட்டார்.

தாய்மாமன் அதன்பின் எங்கள் வீட்டுப் படியை வெகுகாலம் மிதிக்கவில்லை. போலீஸில் புகார் போனது. அங்கே ராஜி பேசினார்கள். அடித்தவர்கள் பால் சொசைட்டியில் வைத்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். மருமகன் அதைக் கேட்க வரவில்லை. தோள் கூடியதும் மனைவியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். பரிசல் மறுபடி ஓடியது. ஓட்டாமல் பரிசல்காரரும்தான் எத்தனை நாள் இருப்பார். ஆனால் பழைய பேச்சு இல்லை. துடுப்புச் சத்தத்தோடு சரி.

ஆற்றில் பிடிபட்ட அந்த இரண்டு பேர் மேல் போட்ட வழக்குக்கு ஒரு வருஷம் கழித்துச் சாட்சி சம்மன் வந்தது. தம்பியின் மனைவி, அண்ணனின் மனைவி, நான், பரிசல்காரரின் மனைவி, நால்வரும் பஸ்ஸில் போனோம். கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். எங்களைக் கூப்பிடவே இல்லை. வாய்தா போட்டுவிட்டார்கள் என்று ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார். பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, விட்டுப்போன வருஷங்களையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்த்தார்கள். அவர்கள் புருஷன்மார் அப்போதும் பேசவில்லை. பரிசல்காரரின் மனைவி முன்னால் தனியாக ஜன்னல் பக்கம் இருந்தார். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொண்ணு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"மருமகன் கை?"

"தூக்க முடியுதுங்க. பாரம்தான் ஆகாது."

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். எங்கள் நிறுத்தம் வந்ததும் முதல் ஆளாக இறங்கினார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, ரோட்டில் யாரும் இல்லை. சேர்ந்து நடக்கலாம் என்று கூப்பிட்டேன்.

"வாங்க அம்மணி, நான் முன்னால போறேன். துறையில பரிசலுக்கு ஆளு நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் எட்டி எட்டி நடந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை.